பலூனை ஊது!

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டினானா, இல்லையா?

இதைக் கண்டுபிடிக்கப் பிரிட்டிஷ் போலீசார் முன்பு படாதபாடு பட்டார்கள். கோட்டின் மேல் நடக்கச் சொல்வார்கள். தள்ளாடாமல் நடந்துவிட்டால் ஆசாமி தப்பிவிடுவான்!

போக்குவரத்து மந்திரி பார்பரா காசில் அம்மையார் இதற்கு முடிவு கட்டினார். 1967 அக்டோபரில் புதுச் சட்டம் வந்தது. போலீஸ்காரர் நீட்டிய குழாயை வாயில் வைத்துப் பலூனை ஊத வேண்டியிருந்தது. குழாயிலிருந்த மஞ்சள் துகள் பச்சையாக மாறினால் அன்று போலீஸ் நிலையம்தான்! அங்கே பரிசோதனை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அந்தச் சட்டப்படி குற்றம். தள்ளாடாவிட்டாலும் குற்றமே!

மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். கார் ஓட்டவே தெரியாத பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. (அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது உண்மைதான்!) அவர் அசையவில்லை.

முதல் ஓராண்டில் சாலை விபத்துச் சாவு ஆயிரத்துக்கு மேல் குறைந்தது.