கத்திரிக்காய் ஏன் மிதக்கிறது?

சாம்பார் கொதி வந்ததும் அம்மா கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். பார்த்த பிறகும் தன் நாக்கை நம்பமாட்டார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் கையில் ஒரு சொட்டு விழும். "உப்பு போதுமா பாருங்க." அரை மணி நேரமாகப் புளி வாசனையிலும் பெருங்காயத்திலும் நின்றவரின் மூக்குக்கு அது பழகிவிட்டது, பழகியதைப் பற்றி மூக்கு மேற்கொண்டு தகவல் தராது. கூடத்திலிருந்து வருகிற நாக்கு புதிது. சமையலில் அப்பாவுக்கு வெந்நீர் போடத்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

டேப்லெட்டில் படம் வரைகிற எனக்கு இந்த உள்ளங்கைச் சொட்டின் அருமை புரிய ஒரு கத்திரிக்காய் தேவைப்பட்டது.

அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கிய ஊதாக் கத்திரிக்காய். அதை எவர்சில்வர் தட்டில் வைத்து, கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழுகிற அடுப்படித் திண்ணையில் நிறுத்தினேன். சுவர் வெளிர்நீலம். கிரிட்டா என்கிற ஓவிய மென்பொருளில் மூன்று மணி நேரம் வரைந்து, ஷேடிங் போட்டு, காம்பின் முள் வரைக்கும் இழைத்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாங்கள் நாலைந்து பேர் வரைய உட்காருவது வழக்கம். படத்தை போனில் காட்டினேன். பூந்தமல்லியிலிருந்து வருகிற கல்லூரிப் பெண் பத்து விநாடிகூடப் பார்த்திருக்கமாட்டாள்.

"அண்ணா, கத்திரிக்காய் மிதக்குது."

தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் எட்டிப் பார்த்தார். "மிதக்கறது இருக்கட்டும். ஒரு பக்கம் கரி பூசின மாதிரி அழுக்கா இருக்கேப்பா. கறுப்பைப் பாதியாக் குறை."

மூன்று மணி நேரம் நான் பார்த்தும் தெரியாதது அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

மைசூர்பாகு தின்ற வாயோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரை போடவே இல்லை என்று சண்டைக்குப் போவீர்கள். டம்ளரில் இருப்பது அதே சர்க்கரைதான். பக்கத்தில் இருந்த இனிப்பு அதை அமுக்கிவிட்டது. கண்ணும் இப்படித்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995-ல் ஒரு சதுரங்கப் பலகைப் படம் செய்தார். பலகையின் ஒரு பகுதியில் ஓர் உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் அச்சு அசல் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. நிறத்தைக் கண் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே சொல்லும். நான் மூன்று மணி நேரமும் பெரிதாக்கிய திரையில் காம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பார்த்தது நாலு விரல் அகலத்துக்குச் சுருங்கிய படம், அதுவும் ஏரிக்கரை வெயிலில். முள்ளும் பளபளப்பும் அதில் மறைந்துபோய் வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும்தான் மிஞ்சும். பிழையும் அங்கேதான் இருந்தது.

கத்திரிக்காய் உருண்டை என்று நமக்குச் சொல்வது ஐந்து இடங்கள். வெயில் நேராக எதிரொளிக்கிற வெள்ளைப் பொட்டு ஒன்று. தோல் வழவழப்பானதால் அது சின்னதாகவும் கூர்மையாகவும் இருக்கும். அதே இடத்தில் உருளைக்கிழங்கு இருந்தால் பரவி மங்கிப்போயிருக்கும். அடுத்தது வெளிச்சப் பக்கம். தோல் வளைந்து வெளிச்சம் தீருகிற இடத்தில் ஒரு கருவளையம். அதற்கும் கீழே கொஞ்சம் வெளுப்பு: தட்டில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அடியிலிருந்து தோலைத் தொடும். இலையில் வைத்த எவர்சில்வர் டம்ளரின் அடிப்பக்கம் பச்சையாகத் தெரியுமே, அதே சங்கதி. கடைசியாக, தட்டின்மேல் விழுகிற நிழல்.

நான் கோட்டைவிட்டது இந்தக் கடைசியில். காயும் தட்டும் ஒட்டுகிற இடத்தில் எந்த வெளிச்சமும் நுழைய வழியில்லை. அங்கே மயிரிழை அகலத்துக்காவது ஆக இருட்டான ஒரு கோடு வேண்டும். விழும் நிழலும் அந்த இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல ஆரம்பித்து, காயை விட்டு விலக விலகத்தான் ஓரம் கலங்கும். என் நிழலோ எங்கும் ஒரே மாதிரி மெத்தென்று பரவியிருந்தது. மேகத்தில் உட்கார்ந்த கத்திரிக்காய். மிதக்காமல் என்ன செய்யும்?

இனி அந்த 'அழுக்கு'. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

டிஜிட்டல் படத்தில் பொதுவாக ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நிழல் போடப் பலரும் நாடுவது, படத்தின்மேல் கண்ணாடித்தாள்போல வைக்கிற 'மல்டிப்ளை' லேயர். பெயருக்கேற்றபடி பெருக்கல்தான்: கீழ் எண்ணை மேல் எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கும். மேல் லேயரில் வெள்ளை, அதாவது 255 இருந்தால் கீழ் நிறம் அப்படியே இருக்கும். மற்ற எதை வைத்தாலும் கருக்கும். பாலில் டிகாக்‌ஷன் விடுவதுபோல. விட விடக் கருக்குமே தவிர வெளுக்காது.

என் கத்திரிக்காயின் ஊதா 120, 50, 130. அதன்மேல் 128 என்கிற நடுச் சாம்பலைப் பெருக்கினால் 60, 25, 65. மல்டிப்ளையே வேண்டாம் என்று சாதாரண லேயரில் கறுப்பை ஐம்பது சதவீதம் பூசினாலும் அதே 60, 25, 65-தான் வரும். 'கறுப்பைத் தொடாதே, மல்டிப்ளையில் போடு' என்று சொல்லிக்கொடுக்கிற பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மல்டிப்ளையில் நிறமில்லாத சாம்பலை வைத்தாலும் சாதாரண லேயரில் கறுப்பைப் பூசினாலும் விடை ஒன்றே: மூன்று எண்ணும் ஒரே விகிதத்தில் குறையும். நிஜ நிழல் அப்படிக் குறையாது. வெயில் எட்டாத பக்கத்துக்கு எங்கள் அடுப்படியின் நீலச் சுவர் தன் வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. சாம்பலுக்குப் பதில் 110, 110, 190 என்ற நீலத்தைப் பெருக்கினேன். 52, 22, 97 வந்தது. கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தை வைத்துப் பார்த்தால் இருட்டு குறையவே இல்லை, இம்மி கூடுதலாகவே இருக்கும். ஆனால் கரி போய்விட்டது.

கவனிக்க வேண்டியது இது. நண்பர் குறை சொன்ன இடம் சரி, அவர் சொன்ன மருந்து தப்பு. கறுப்பைப் பாதியாகக் குறைத்திருந்தால் கத்திரிக்காய் சப்பையாகித் தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியிருக்கும். பந்தியில் ஒருவர் "ரசம் காரம் தூக்கல்" என்றால் சமையல்காரர் மிளகை எண்ணப் போவதில்லை. புளி போதாமலும் இருக்கலாம், பருப்புத் தண்ணீர் குறைந்தும் இருக்கலாம். நாக்கு உறுத்துகிற இடத்தைக் காட்டும். காரணத்தைத் தேடுவது அடுப்படியில் நிற்கிறவர் வேலை. அதனால் இப்போதெல்லாம் நான் "எப்படி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு "சூப்பர்" என்ற ஒரே பதில்தான் வரும். "வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருது, சொல்லுங்க" என்று கேட்கிறேன். பார்க்கிறவர் தயங்கினால் எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

எப்போது காட்டுவது என்பதும் உண்டு. தாளித்துக் கொட்டிய பிறகு ருசி பார்த்துப் பயனில்லை. காம்பு, பளபளப்பு எல்லாம் தாளிப்பு. அதற்கு முன்னால் மூன்றே சாம்பலில் திட்டுத் திட்டாகப் போட்ட நிலையில் காட்டினால் திருத்த ஐந்து நிமிடம். நிழல் லேயரைக் கீழே உள்ளதோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டாலோ, கரைந்த கல்லுப்பை யார் திரும்பப் பொறுக்குவது? பக்கத்தில் ஆள் இல்லாத நாளில் கிரிட்டாவில் 'எம்' விசையைத் தட்டுங்கள், படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறும். கொஞ்ச நேரத்துக்கு அது வேறு யாரோ வரைந்த படம்.

சக ஓவியரின் கண் பிழையை மட்டும்தான் பிடிக்கும் என்றில்லை. ஆனந்த விகடனில் ஓவியர் மாலி தன்னிடம் வந்த சீனிவாசனுக்கு 'சில்பி' என்று பெயர் வைத்தார், கோபாலனைக் 'கோபுலு' ஆக்கினார். யார் கையில் கோயில் கல் வரும், யார் கையில் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சில்பியிடம் லேயரும் இல்லை, மல்டிப்ளையும் இல்லை. மையில் கோட்டின்மேல் கோடு. கோடு நெருங்க நெருங்க நிழல், விலக விலக வெளிச்சம். விகடனில் அவர் கோயில்களை வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரின் பழைய பக்கம் எங்காவது கிடைத்தால் தூணின் அடியைப் பாருங்கள். ஒரு தூணும் மிதக்காது.

அடுத்த ஞாயிறு திருத்திய படத்தோடு போனேன். தொடும் கோடு போட்டாயிற்று, நீலம் விட்டாயிற்று. நிழலின் வடிவம் மட்டும் சரியாக நினைவில்லாமல் முந்தின இரவு இன்னொரு காயைத் திண்ணையில் வைத்துப் பார்த்து முடித்திருந்தேன். பழைய காய் செவ்வாய்க்கிழமையே எண்ணெய்க் கத்திரிக்காய் ஆகிவிட்டது. அந்தப் பெண் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இப்ப உட்கார்ந்துடுச்சு அண்ணா. ஆனா நிழலை மட்டும் ராத்திரி ட்யூப்லைட்ல வரைஞ்சீங்களா?"