கன்றீன்ற பசு மீண்டும் சினைப்படத் தாமதிப்பதேன்?

கன்றீன்று பல மாதங்கள் சென்றும் பசு வேட்கைக்கு வராவிடின், அதனை மலடெனக் கருதிக் கமக்காரர் பலர் விற்றுவிடுகின்றனர். பாலும் அடுத்த கன்றும் மட்டுமன்றி, தோட்டத்திற்கு வேண்டிய எருவும் அதனோடு போய்விடுகின்றன. ஆனால் அத்தகைய பசுக்களிற் பல மலடல்ல. தீன் போதாது மெலிந்தவையே.

தீனிலிருந்து பெறும் சத்தியைப் பசுவின் உடல் ஓர் ஒழுங்கிலே செலவிடுகின்றது. தன் உயிரைக் காத்தல் முதலாவது. கன்றுக்குப் பால் சுரத்தல் அடுத்தது. இவற்றின் பின் எஞ்சுவதே புதிய சினைக்கு உதவும். குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில், நீர் போதுமான அளவு நிலத்தையே நாம் விதைக்கின்றோம். பசுவின் உடலும் அவ்வாறே நடந்துகொள்கின்றது.

ஈன்ற 4 முதல் 8 கிழமைகளிற் பால் மிகுதியாகச் சுரக்கும். உண்ணும் தீனின் அளவோ அத்துணை விரைவாக உயர்வதில்லை. இக்குறையை ஈடுசெய்ய உடற்கொழுப்புக் கரையும். அதுவும் அருகினால், மூளை கபச்சுரப்பியைத் தூண்டுவது குறையும், சூலகத்தில் முட்டை முதிராது, வேட்கையும் தோன்றாது. கன்று இடைவிடாது பால் குடிப்பதும் இத்தாமதத்தைக் கூட்டும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்களாகும். ஆகவே, ஆண்டுக்கொரு கன்று பெற வேண்டின், ஈன்று 85 நாட்களுக்குள் அது சினைப்படல் வேண்டும். வேட்கை ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வருவதால், ஒன்று தவறினும் 3 கிழமைகள் வீணாகும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஈனுவதற்கு 2 மாதங்களுக்கு முன்னர்ப் பால் கறப்பதை நிறுத்தி, விலாவும் இடுப்பெலும்பும் துருத்தித் தோன்றாதவாறு பசுவைத் தேற்றுக. ஈன்றபின் தேற்றுதல் கடினம். மிகக் கொழுக்க விடுதலும் தீது; கொழுத்த பசு ஈன்றபின் குறைவாகவே உண்ணும்.

2. வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய சத்தியை அளிக்காது. அதனோடு பச்சைப் புல், சீமைக்கிளுவை இலை, தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவற்றையும் கொடுத்தல் வேண்டும். புதிய தீனைச் சிறிது சிறிதாகவே கூட்டுக.

3. தாதுப்புக் கலவையும் தூய நீரும் நாடோறும் கிடைக்கச் செய்க.

4. காலையும் மாலையும் பசுவை உற்றுநோக்குக. காலையில் வேட்கை கண்ட பசுவை அன்று மாலையிலும், மாலையிற் கண்டதை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துக.

5. உடல் தேறிய பின்னரும் வேட்கை தோன்றாவிடின், நோய் உண்டோவென மிருக வைத்தியரிடம் காட்டுக.

பசுவை விற்க எண்ணுமுன், அதன் தீனைச் சீர்செய்து பார்த்தல் கமக்காரருக்கு நன்மை தரும்.