பெயரில்லாச் செயற்கூறு

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழன்பர்கள் தங்கள் சங்கத்து நூலகப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும்பொழுது ஒரு சங்கடம் நேர்வதுண்டு. அழகிரிசாமியின் கதைகளைத் தேடுபவர் 'அ' என்ற எழுத்தின்கீழ்ப் பார்ப்பார். கணிப்பொறியோ 'கு. அழகிரிசாமி' என்பதைக் 'கு'வின்கீழ் வைத்திருக்கும். ந. பிச்சமூர்த்தி 'ந'விலும், தி. ஜானகிராமன் 'தி'யிலும் ஒளிந்திருப்பார்கள். தலைப்பெழுத்தை முன்னால் நிறுத்தும் நம் வழக்கத்தை அந்தப் பொறி அறியாது.

வரிசைப்படுத்தும் வேலையை நாம் புதிதாக அதற்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பைத்தான் முதலிய நிரல் மொழிகளில் அது முன்னரே அமைந்துள்ளது. எதைக்கொண்டு வரிசைப்படுத்துவது என்பதை மட்டும் சொன்னால் போதும். 'ஒரு பெயரைத் தந்தால் அதன் கடைசிச் சொல்லைத் திருப்பிக் கொடு' என்பதே நாம் சொல்ல வேண்டுவது. இவ்வாறு ஒன்றைப் பெற்று வேறொன்றைத் தரும் நிரற்பகுதியைச் செயற்கூறு என்பர். வழக்கமாக அதற்கொரு பெயர் சூட்டித் தனியே எழுதி வைத்து, வேண்டுமிடத்தில் அப்பெயரால் அழைப்பார்கள். ஓரிடத்தில் ஒருமுறை பயன்பட்டு முடிந்துபோகும் இச்சிறு வேலைக்குப் பெயர் எதற்கு? வரிசைப்படுத்தும் கட்டளையின் அடைப்புக்குள்ளேயே அதை எழுதிவிடலாம். அதுவே பெயரில்லாச் செயற்கூறு. கலியாணப் பந்தியில், "தம்பி, அந்தச் சாம்பார் வாளியை இப்படிக் கொடு" என்று கேட்டு வாங்குகிறோம். அந்தத் தம்பியின் பெயரை விசாரிப்பவர் உண்டா?

இதனை லாம்டா என்றும் வழங்குவர். அது ஒரு கிரேக்க எழுத்து. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் அலோன்சோ சர்ச், 1930களில் தாம் வகுத்த கணித முறையொன்றில் அவ்வெழுத்தைக் குறியீடாகக் கொண்டார். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியின் வாயிலாக அது நிரலுக்குள் புகுந்தது. ஜாவா மொழிக்கோ 2014இல்தான் வந்து சேர்ந்தது. பைத்தானை ஆக்கிய கைடோ வான் ராசம் 2005இல் இதனை அம்மொழியிலிருந்து நீக்கிவிடவே கருதினார். ஆயினும் 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலும் அது நிலைத்துவிட்டது. அங்கே அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே ஒரு கோவைக்குமேல் அதில் எழுத இயலாது. இதனைக் குறையென்பார் பலர். நல்ல வேலியென்பது என் கருத்து.

காரணத்தை நம் பட்டியலிலேயே காணலாம். கடைசிச் சொல் என்ற விதி அழகிரிசாமிக்குப் பொருந்திற்று. சுந்தர ராமசாமி வந்தால்? 'சு'வில் இருக்க வேண்டியவரை அது 'ரா'வுக்கு அனுப்பிவிடும். ஆகவே 'புள்ளியிட்ட தலைப்பெழுத்துகளை மட்டும் விலக்கு' என்று திருத்துகிறோம். இதுவும் ஒரு வரியில் அடங்கும். ஆனால் படிப்பவர் சற்று நின்றுதான் படிப்பார். அடுத்து வருவது பெருஞ்சிக்கல். யூனிகோடு முறையில் தமிழெழுத்துகளுக்குத் தந்துள்ள எண்கள் நம் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. அங்கே 'ந'வை அடுத்து 'ன'வும், 'ர'வை அடுத்து 'ற'வும் நிற்கின்றன. எண்ணை மட்டும் பார்க்கும் வரிசையில் கனகா முந்துவாள், கமலா பிந்துவாள். நம் அகராதியிலோ 'ம' முன்னது. 'ன' மெய்களில் கடைசி.

இவ்வளவையும் ஒரே வரியில் திணிக்கும் சமர்த்தர்கள் இருக்கிறார்கள். ஒரு திங்கள் கழித்து அவ்வரி எழுதியவருக்கே விளங்குவதில்லை. அன்றியும், நிரல் ஓடுகையில் பிழை நேர்ந்தால், பைத்தான் தரும் பிழையறிக்கையில் செயற்கூற்றின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 'லாம்டா' என்றே இருக்கும். பத்து லாம்டாக்கள் உள்ள நிரலில் எது பிழைத்தது என்பதை வரி எண்ணைக்கொண்டே தேட வேண்டும். நெடுங்கணக்கு விதிக்கு ஒரு பெயர் சூட்டி, தனியே எழுதி, கனகாவையும் கமலாவையும் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதே முறை. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் அப்பெயரைத் தமிழெழுத்திலேயே சூட்டலாம் என்பது நமக்கொரு மகிழ்ச்சி. பின்னர் உறுப்பினர் பட்டியலுக்கும், பொங்கல் விழா நன்கொடைப் பட்டியலுக்கும் அதனையே அழைத்துக்கொள்ளலாம். அந்நன்கொடையாளரைத் தொகையின்படி ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கப் பொருளாளர் விரும்பினால், 'தொகையைக் கொடு' என்னும் பெயரில்லா வரியொன்று போதும்.