பேராதனை வளாகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பீன்யா வாசகர்களே, ஹெசரகட்டா சாலையை விட்டு, கடலையும் தாண்டி, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறோம். வகுப்பறைகள் வேண்டாம். நேரே ஹந்தானை மலையடிவாரத்துக்கு!

ஒரே வளாகத்துக்குள் பௌத்த விகாரை, பள்ளிவாசல், கத்தோலிக்கருக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி ஆலயங்கள். இவ்வளவு மலை இருக்கும்போது முருகன் இல்லாமலா? மேலே குறிஞ்சிக்குமரன் கோயில்! வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகை, மாலையில் பூசை. மருத்துவமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள்தான் இந்து மாணவர் சங்கத்தில் சேர்ந்து கோயில் வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். 'இந்து தருமம்' மலரும் அவர்கள் கைவண்ணமே. விடுதிப் பெயர்களையும் கேளுங்கள்: இராமநாதன், அருணாசலம், அக்பர், சங்கமித்தை! மாணவர்கள் 1952இலேயே குடிவந்துவிட்டார்கள். 1954இல் திறந்துவைக்க வந்த இளவரசர் பிலிப், வழக்கத்தைவிட அதிகமாகவே திறப்பதாகச் சொன்னாராம். எல்லா மதத்தாருக்கும் திறந்த வளாகத்துக்கு எத்தனை பொருத்தம்!

இனித் திரைக்குப் பின்னால். பூசையும் தொழுகையும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால், மாணவர்களுக்கு ஆன்மத் துணையாக இருக்கும் சாப்ளினின் (chaplain) வேலை தெரியாது. வீட்டிலிருந்து சாவுச் செய்தி வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். பரீட்சைப் பயத்தில் சாப்பாட்டை விட்டவளைத் தேடிப் போக வேண்டும். அது பிரசங்கம் செய்யும் நேரமில்லை, காது கொடுக்கும் நேரம். பேராதனையில் அப்படிச் சாப்ளினாக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1962இல், 35 வயதிலேயே, குருநாகலின் ஆங்கிலிக்கன் ஆயரானார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தமிழரிடம் சிங்களவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சபைக்கே எழுதிய சிங்களவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். மாணவர்களின் வலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு சேதி: அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எல்லா மதச் சாப்ளின்களும் சேர்ந்து 2021இல் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தது கடவுள் நம்பிக்கை இல்லாத கிரெக் எப்ஸ்டீனை! யாரையும் வெளியே நிறுத்தாத வேலை இது.

பீன்யாவைச் சுற்றியுள்ள கல்லூரி நிர்வாகத்தாரே, எந்தச் சாமியையும் கும்பிடலாம், கும்பிடாமலும் உட்காரலாம் என்று ஓர் அறை ஒதுக்குங்கள். அங்கே காது கொடுக்க ஒருவரை அமர்த்துங்கள். அதுவரை, பிள்ளைகளே, 14416ஐக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.