கைப்பிடியும் பிறரன்புப் பணியே

முதியோர் இல்லங்களுக்கு நாம் பெரும்பாலும் உணவோடுதான் செல்கிறோம். பிறந்தநாள், திருமண நாள், இறந்தோரின் நினைவு நாள் என ஒருவேளை உணவு வழங்கி மகிழ்கிறோம். நல்ல செயல்தான். ஆனால், அங்கே குளியலறைக் கைப்பிடி ஆடுகிறதா, மேல்தளம் ஒழுகுகிறதா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. கட்டடத்தின் பழுது முதியோரை மட்டுமல்ல, அவர்களைக் கவனிக்கும் பணியாளர்களின் உடலையும் மனத்தையும் வருத்துகிறது. அது எப்படி என இன்று சிந்திப்போம்.

முதலில் உடல். சுவரில் உறுதியான கைப்பிடி இருந்தால், முதியவர் அதைப் பற்றிக்கொண்டு எழுகிறார். பணியாளர் அருகில் நின்றால் போதும். கைப்பிடி ஆடினால், அவர் பணியாளரின் தோளையும் கழுத்தையும் பற்றுகிறார். நோயாளிகளைக் கையால் தூக்கும்போது, நல்ல சூழலிலும்கூட, ஒருவர் தாங்கும் எடை ஏறக்குறைய 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அப்படியானால், 50 கிலோ எடையுள்ள பாட்டியை வழுக்கும் தரையில் தனியாகத் தூக்கி நிறுத்தும் பெண்ணின் முதுகு என்னவாகும்? கீசர் பழுதானால், சமையலறையிலிருந்து வெந்நீர் வாளியையும் அவர்தான் சுமக்க வேண்டும்.

அடுத்து மனம். அழைப்பு மணி ஒலிக்காத இல்லத்தில், இரவுப் பணியாளர் யார் எப்போது விழுவாரோ என்ற அச்சத்தோடு அறை அறையாக நடக்கிறார். மழைக்காலத்தில் தளம் ஒழுகினால், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார். யாரேனும் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், “நீ எங்கே போயிருந்தாய்?” என்ற கேள்வி முதலில் அவரை நோக்கித்தான் வருகிறது. பலமுறை சொல்லியும் சரிசெய்யப்படாத பழுது, “உன் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை” என்று அவருக்கு நாள்தோறும் உணர்த்துகிறது. களைப்பு எரிச்சலாகிறது, எரிச்சல் கடுஞ்சொல்லாகிறது. ஒருநாள் அவர் வேலையை விட்டே போய்விடுகிறார். தங்கள் பழக்கவழக்கங்களை அறிந்த ஒருவரை முதியோர் இழக்கின்றனர்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், மாவட்டத்திற்குக் குறைந்தது ஒன்று என, ஆதரவற்ற 150 முதியோராவது தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் நிறுவிப் பராமரிக்க வழிசெய்கிறது. நிறுவுவதையும் பராமரிப்பதையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. நம் நாட்டில் தொண்டு அமைப்புகள் நடத்தும் இல்லங்கள் பல. அவை நன்கொடையால் நடப்பவை. உணவுக்கு வரும் நன்கொடை பழுதுபார்க்க எளிதில் வருவதில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இல்லத்தில் ஒரு பழுதுப் பதிவேடு இருக்கட்டும். பணியாளர்கள் அதில் எழுதட்டும். எழுதியது எப்போது சரியாகும் என அவர்களுக்குப் பதில் கிடைக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே மேல்தளத்தையும் வடிகாலையும் பார்த்துவிடலாம். பணியாளர்கள் சற்று அமர ஓர் அறையும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் இருக்கின்றனவா எனக் கேட்கலாம். நம் பங்கிலுள்ள கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன் ஆகியோர் மாதம் அரைநாள் உழைப்பைத் தரலாம்.

அடுத்த நினைவு நாளில் இல்லத்துக்குச் செல்லும்போது, உணவோடு இன்னொன்றையும் கொண்டுசெல்வோம். அங்குள்ள பணியாளரிடம், “இங்கே முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும், அம்மா?” என்று கேட்போம். அவர் சொல்வதைச் செய்துகொடுப்போம்.