விண்வெளிக் கையுறையும் உழைக்கும் கையும்

கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்பது 1876இல் எங்கெல்ஸ் எழுதி முற்றுப்பெறாது விட்ட கட்டுரையொன்றின் அடிப்படைக் கருத்து. ஆரம்பகால விண்வெளிக் கையுறைகளின் வரலாற்றை இக்கருத்தின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையது.

வெற்றிடத்தில் மனிதன் உயிர்வாழ உடையினுள்ளே வாயு அமுக்கம் இருத்தல் வேண்டும். அவ்வமுக்கமே கையுறையை ஊதிய பலூன்போல் விறைக்கச் செய்கிறது. விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் அவ்விறைப்பை எதிர்த்து உழைக்க நேரிடுகிறது.

அமெரிக்காவின் மேர்க்குரிப் பயணங்களில் (1961-1963) உடையானது கலத்தின் அமுக்கம் குன்றினால் மட்டுமே பயன்படவேண்டிய காப்பாக இருந்தது. அதன் கையுறையில் நான்கு விரல்கள் கட்டுப்பாட்டுப் பிடியைப் பற்றுவதற்கு ஏற்ப வளைந்திருந்தன. நடுவிரல் மாத்திரம் பொத்தான்களை அழுத்துவதற்காக நேராக விடப்பட்டிருந்தது. மனிதனைப் பொத்தான் அழுத்துபவனாகக் கணித்த ஒரு திட்டத்துக்கு இதுவே போதுமானதாயிருந்தது எனலாம்.

கலத்தைவிட்டு வெளியேறியதும் நிலைமை மாறிற்று. 1965 மார்ச் 18இல் வெளியே மிதந்த சோவியத் வீரர் அலெக்சி லியோனவின் உடை ஊதிப் பருத்தது; விரல்கள் கையுறையின் முனைகளிலிருந்து விலகின. உடையின் அமுக்கத்தைக் குறைத்தே அவர் உள்ளே மீண்டார். குறைத்தால் உயிருக்கு ஆபத்து; குறைக்காவிடில் கை பயன்படாது. (இந்நெருக்கடி அன்றைய சோவியத் மக்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதையும் குறிப்பிடவே வேண்டும்.)

அப்பலோக் கையுறைகள் வீரர் ஒவ்வொருவரின் கையையும் அச்செடுத்து உருவாக்கப்பட்டன. உள்ளே இறப்பர் உறை. வெளியே உலோக இழைத் துணி. தொடுகையுணர்வு குன்றாதிருக்க விரல்நுனிகளில் சிலிக்கோன் இறப்பர். இவ்வுடைகளைத் தயாரித்த நிறுவனம் பிளேற்ரெக்ஸ் என்னும் பெயரில் பெண்களின் உள்ளாடைகளை விற்றுவந்தது. அவற்றைத் தைத்துப் பழகிய பெண்கள் சிலரே விண்வெளி உடைகளையும் தைத்தனர். பொறியியலாளர் வரைந்ததைத் தைக்கக்கூடியதாக ஆக்கியது இவர்களது கைத்திறன். ஆயினும் சந்திரனிற் பதிந்த காலடியைக் கொண்டாடிய எழுத்துக்களில் இவர்கள் நெடுங்காலம் இடம்பெறவில்லை. உழைப்பை மறைத்துச் சாதனையை மட்டும் காட்டும் வரலாற்றெழுத்து நமக்குப் புதியதன்று.

1971இல் அப்பலோ 15இன் தலைவர் டேவிற் ஸ்கொற் சந்திரனின் மேற்பரப்பில் மூன்று தடவைகளாகப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தார். நிலத்தைத் துளைத்தார், பாறைகளைச் சேகரித்தார். அவருடைய கைக்கென்றே அளவெடுத்த அக்கையுறையின் முனைகளில் விரல்கள் ஓயாது அழுந்தியதால், திரும்பும்போது அவரது நகங்கள் கறுத்திருந்தன.