மண்டி இடம் மாறினால் லாரி எங்கே போகும்?

மாணவர்களே, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டிக்காரர் தம் பேரேட்டுக்கு நகல் எடுத்து, நாமக்கல்லில் உள்ள கிடங்கிலும் வைத்திருக்கிறார். ஒரு நாள் மண்டிக்குள் மழைநீர் புகுந்துவிடுகிறது. கிடங்கில் வியாபாரத்தைத் தொடரலாம். கணக்கும் அங்கே இருக்கிறது. ஆனால் லாரிகள்? பழைய விலாசத்தையே அறிந்த ஓட்டுநர்கள் செவ்வாய்ப்பேட்டை வாசலில் அல்லவா காத்து நிற்பார்கள்!

கணிப்பொறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தைக்குச் சென்னையில் ஒரு மாற்று நிலையம் இருந்தது. 2021 பிப்ரவரி 24 அன்று, தொலைத்தொடர்பு இணைப்புகளில் நேர்ந்த கோளாற்றைத் தொடர்ந்து, காலை 11.40 மணிக்கு வணிகம் நின்றது. சென்னைக்கு மாற்றப்படவில்லை; மாலை 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கியது. மாற்று நிலையம் இருப்பது வேறு, அதற்கு மாறுவது வேறு என்பது இதனால் விளங்கும்.

வாடிக்கையாளரின் கணிப்பொறியைப் புதிய நிலையத்திற்குத் திருப்புவது எப்படி?

ஒரு வழி, விலாசத்திற்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்து வைப்பது. அப்பெயருக்குரிய எண் விலாசத்தை வேறொரு கணிப்பொறி சொல்லும். நிலையம் மாறினால் அங்கே விலாசத்தை மாற்றினால் போதும். ஆனால் ஒருமுறை கேட்ட விலாசத்தை வாடிக்கையாளரின் கணிப்பொறி குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே அக்காலத்தைக் குறைவாக வைக்க வேண்டும்.

மற்றொரு வழி, இரண்டு விலாசங்களையும் முன்பே கொடுத்துவிடுவது. முதல் இடத்தில் சில விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால், கணிப்பொறி அடுத்த கதவைத் தட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெனரேட்டருக்கான சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பார்த்திருப்பீர்கள். அது மின்வாரிய இணைப்பைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை இணைக்கும். அவ்வாறே பழைய நிலையம் எழுதுவதை நிறுத்திய பின்னரே புதியது எழுதத் தொடங்க வேண்டும். இல்லையேல் பேரேடு இரண்டாகிவிடும். எது மெய்க் கணக்கு என்று யார் சொல்வது?

2021 மார்ச்சில் செபி புதிய விதி வகுத்தது: முக்கிய அமைப்பு தடைபட்டால், 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அடுத்த 45 நிமிடங்களுக்குள் மாற்று நிலையத்திற்கு மாற வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச் சந்தை காலையில் முதன்மை நிலையத்திலும், பின்னர் மாற்று நிலையத்திலும் வணிகம் நடத்தி ஒத்திகை பார்த்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: விலாசத்தை நினைவில் வைக்கும் காலம் ஒரு மணி நேரம். நிலையம் ஐந்தே நிமிடங்களில் மாறிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் அதிகபட்சம் எவ்வளவு நேரம் பழைய வாசலில் நிற்க நேரும்?